எக்ஸ்ரே அறையில் என்ன பேசுவது? மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கதிரியக்கத் தொழில்நுட்பம் படித்து, மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கும் மாணவ மாணவியரின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. இயந்திரத்தைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, நோயாளியிடம் பேசுவது, அவரைக் கையாள்வது ஆகியவை பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன்; பலர் பிடிப்பதே இல்லை. படம் அசைந்துவிடுகிறது. வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கிறது. வேகமாக முடிக்க என்ன வழி?
– முதலாண்டு மாணவர், கடலூர் முதுநகர்

நோயாளிகள் உங்கள் சொல்லைக் கேட்பதில்லை என்று நினைக்கிறீர்கள். அவர்களுக்குக் கேட்காத இடத்தில் நின்று நீங்கள் சொல்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. நோயாளி உங்களுக்கு முதுகைக் காட்டி, முகவாயைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து, தோள்களை முன்னால் தள்ளி, தம் வாழ்நாளில் ஒருபோதும் நின்றிராத ஒரு நிலையில் நிற்கிறார். நீங்களோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே, ‘மூச்சை இழுங்க’ என்று ஒரே ஒரு முறை சொல்கிறீர்கள். சொன்னவர் எங்கே இருக்கிறார், அது தமக்குச் சொன்னதா, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதை அவர் யோசித்து முடிப்பதற்குள் கதிர் பாய்ந்துவிடுகிறது.

ஆகவே, பொத்தானிடம் போவதற்கு முன்பே, அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை ஒத்திகை பாருங்கள். ‘அய்யா, நல்லா மூச்சை இழுத்து, அப்படியே தம் கட்டணும். நான் விடச் சொன்ன பிறகுதான் விடணும். இப்ப ஒரு தடவை செஞ்சு பார்ப்போமா?’ என்று சொல்லி, நீங்களே செய்து காட்டுங்கள். மூச்சை இழு என்றதும் தோளை மட்டும் தூக்குகிறவர்களும், இழுத்த வேகத்திலேயே விட்டுவிடுகிறவர்களும் யார் யார் என்பது அப்போதே தெரிந்துவிடும். இதற்கு அரை நிமிடம் ஆகும். படத்தைத் திரும்ப எடுக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். வரிசை வேகமாக நகர்வது இந்த அரை நிமிடத்தால்தான்.

பொத்தானை அழுத்தும்போது உங்கள் கண் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கக் கூடாது. கண்ணாடி வழியே அவர் முதுகைப் பாருங்கள். விலா விரிந்து நின்ற பிறகு அழுத்துங்கள். முடிந்தவுடன் ‘மூச்சு விடலாம்’ என்று சொல்ல மறக்காதீர்கள். மாணவர்கள் அதிகம் மறப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். தலை சுற்றும் வரை தம் கட்டி நின்ற பெரியவர், அடுத்த முறை உங்களை நம்பிப் பிடிக்கமாட்டார். ஆஸ்துமா உள்ளவர்களையும், நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களையும் வற்புறுத்தாமல், அவர்களுடைய மூச்சு உள்ளே போய் ஒரு கணம் நிற்கும் நேரத்தைக் கவனித்து எடுங்கள். காது கேளாதவர் என்றால், கையை உயர்த்தினால் பிடிக்க வேண்டும், இறக்கினால் விடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்து, கண்ணாடி வழியே உங்கள் கை அவருக்குத் தெரியும்படி அவரை மருத்துவரின் அனுமதியோடு வேறு நிலையில் நிறுத்துங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். மூச்சு முழுமையாக உள்ளே போன படத்தில், பின்புற விலா எலும்புகளில் பத்து வரை உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) மேலே எண்ண முடியும். மூச்சு போதாத படத்தில் இதயம் பெருத்ததைப் போலவும், நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியதைப் போலவும் தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படவும் கூடும். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர் அளவு ஏறத்தாழ 0.02 மில்லி சீவர்ட்தான் (சீவர்ட் என்பது உடல் ஏற்கும் கதிரின் பாதிப்பை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் இயல்பாகவே வந்து சேர்கிறது. எனவே நோயாளியைப் பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் நாம் சரியாகச் சொல்லாததால் எடுக்கப்படும் இரண்டாவது படத்தின் கதிர், எவ்வளவு சிறியதானாலும், அவருக்கு எந்தப் பயனும் தராத கதிர். ஆகவே பேச்சையும் கதிர்ப் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்றாகவே நான் வைப்பேன், ஈய ஏப்ரனுக்கு அடுத்த இடத்தில் அல்ல, அதற்கு முந்தைய இடத்தில்.

‘செல்வி’ என்று அழைத்ததும் இரண்டு பெண்கள் எழுந்து வருகிறார்கள். இனிஷியலும் ஒன்றே. எப்படிச் சரிபார்ப்பது?
– மாணவி, நெல்லிக்குப்பம்

‘நீங்கள் செல்விதானே?’ என்று கேட்காதீர்கள். பயத்திலோ மரியாதையிலோ காது மந்தத்திலோ, எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள் மருத்துவமனையில் ஏராளம். ‘உங்க பேர் சொல்லுங்கம்மா’ என்று கேட்டு, அவர் வாயால் வரவழையுங்கள். அத்துடன் இன்னொரு அடையாளமும் கட்டாயம் வேண்டும். பாடநூல் பிறந்த தேதியைக் கேட்கச் சொல்லும். நம் கிராமங்களிலிருந்து வரும் பெரியவர்களில் பலருக்கு அது துல்லியமாகத் தெரியாது. ஓ.பி. சீட்டில் உள்ள எண்ணே நம்பகமானது. தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயர், ஊர் ஆகியவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். திருமணத்துக்கு முன் தகப்பனாரின் இனிஷியலும் பின் கணவரின் இனிஷியலுமாக ஒருவருக்கே இரண்டு சீட்டுகள் இருப்பதும் உண்டு என்பதால், இனிஷியலை மட்டும் நம்ப வேண்டாம். வார்டிலிருந்து வருபவரானால் கைப்பட்டையைப் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அதுதான் வாய்.

ஆள் சரியானதும், எந்தப் பக்கம் வலி என்று கேட்டுச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டில் இடது முழங்கால் என்றிருக்க அவர் வலது காலைத் தொட்டுக் காட்டினால், ஊகித்து எடுக்காமல் அனுப்பிய மருத்துவரிடம் கேளுங்கள்.

படம் எடுத்து முடித்ததும் ‘ஏதாவது இருக்குதா தம்பி?’ என்று கேட்கிறார்கள். தெரியாது என்றால் கோபம். சொன்னால் மேற்பார்வையாளர் கண்டிப்பார். நடுவில் என்ன சொல்வது?
– இறுதியாண்டு மாணவர், வில்லியனூர்

இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான். படத்தைப் படித்து அறிக்கை தருவது கதிரியக்க மருத்துவரின் பணி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எலும்பு முறிவாகவே இருந்தாலும், நீங்கள் பார்ப்பது ஒரு கோணத்தை மட்டும். நோயாளியின் பழைய படங்களோ இரத்தப் பரிசோதனையோ உங்கள் முன் இல்லை. அதற்காக ‘எனக்குத் தெரியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் முறையல்ல. அவர் கேட்பது அறிக்கை மட்டுமல்ல, இனி என்ன நடக்கும் என்பதையும்தான். அதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்: ‘அய்யா, படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் பார்த்து எழுதினதும் உங்களை அனுப்பின டாக்டருக்குப் போயிடும். நீங்க இந்தச் சீட்டோட அவர்கிட்டயே திரும்பப் போகணும்.’ எப்போது கிடைக்கும், எந்த அறையில் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோரின் கோபம் தணிந்துவிடும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி கோரிமேட்டு ஜிப்மருக்கு வந்து நிற்பவருக்கு, இன்றே திரும்பலாமா, நாளை வர வேண்டுமா என்பது சின்னச் செய்தி அல்ல.

நம் பேச்சு வழக்கில் ஒளிந்திருக்கும் ஓர் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அசையாமல், சரியான கறுப்பு வெளுப்போடு படம் வந்த மகிழ்ச்சியில் ‘எக்ஸ்ரே நல்லா வந்திருக்குங்க’ என்கிறோம். கேட்பவர் அதை ‘நோய் ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விடக்கூடும். ‘படம் எடுத்தாச்சு, திரும்ப எடுக்க வேண்டியதில்லை’ என்று சொல்வதே பாதுகாப்பானது.

வாய் பேசாவிட்டாலும் முகம் பேசும். திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவது, உடன் படிக்கும் நண்பரை அவசரமாக அழைத்து இருவருமாகக் குனிந்து பார்ப்பது, அதுவரை கலகலப்பாக இருந்துவிட்டுத் திடீரென்று அன்பாகிவிடுவது எல்லாவற்றையும் நோயாளி கவனிக்கிறார்.

ஆனால் மௌனம் காக்கக் கூடாத நேரமும் உண்டு. நுரையீரல் சுருங்கி இதயம் மறுபக்கம் தள்ளப்பட்டிருப்பது, உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரிவது, தலை சி.டி.யில் இரத்தக் கசிவு, மூச்சுக்கோ உணவுக்கோ செலுத்திய குழாய் தவறான இடத்தில் போய் நிற்பது போன்ற சந்தேகம் எழுந்தால், நோயாளியை அனுப்பிவிடாமல் அங்கேயே வைத்துக்கொண்டு, பணியில் உள்ள மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்; யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதியும் வைக்க வேண்டும். நோயாளியிடம், ‘டாக்டர் இந்தப் படத்தை இப்பவே பார்க்கணும், கொஞ்சம் இங்கேயே இருங்க’ என்பது போதும். அது பொய்யும் அல்ல. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் உறவினருக்கோ நண்பர்கள் குழுவுக்கோ அனுப்புவது, பெயரை மறைத்திருந்தாலும், கூடாது.

தாலியைக் கழற்றச் சொன்னால் அழுகிறார்கள், சண்டைக்கு வருகிறார்கள். ஆண் மாணவனாகிய நான் இதை எப்படிக் கேட்பது?
– மாணவர், பாகூர்

எல்லாப் பரிசோதனைக்கும் கழற்றச் சொல்லாமலிருப்பதே முதல் வழி. கை, கால், முழங்கால் எக்ஸ்ரேக்குத் தாலியைத் தொடத் தேவையே இல்லை. மார்பு எக்ஸ்ரேக்கு அதைப் படம் விழும் பரப்புக்கு வெளியே உயர்த்திப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். பலர் நகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, மார்பின் மேல் கிடக்கும் பின்னலை மறந்துவிடுகிறார்கள். தடித்த பின்னல் நுரையீரலின் உச்சியில் நிழலாக விழுந்து மருத்துவரைக் குழப்பும். கொண்டையாகத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். இடுப்பு, வயிறு எக்ஸ்ரே என்றால் ஆண்களிடம் அரைஞாண் கயிற்றையும் அதில் தொங்கும் தாயத்தையும் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறையில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். காரணத்தை இப்படியே சொல்லுங்கள். ‘ரூல்ஸ்’ என்று சொல்வதைவிட இது எளிதில் ஏற்கப்படும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி அணிந்துகொண்டு, தாலியைக் கணவரிடமோ தாயாரிடமோ கொடுத்து வைப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான். அதை ஒரு பெண் செவிலியர் சொன்னால் இன்னும் நல்லது. பொதுவாகவே, ஆடை மாற்ற வேண்டிய பரிசோதனைகளில் பெண் ஊழியரோ உறவுப் பெண்ணோ இல்லாமல் நீங்கள் தனியாக இருக்காதீர்கள். உடலைத் தொடுவதற்கு முன் எங்கே, எதற்காகத் தொடப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

எம்.ஆர்.ஐ. காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் உயிரோடுதான் இருக்கிறது என்பதை உடன் வருகிறவர்களிடமும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு வந்த ஓர் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். சிப்காட் பகுதியிலும் படகுப் பட்டறைகளிலும் வெல்டிங், கடைசல் வேலை செய்கிறவர்களிடம், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதுண்டா என்று தனியாகக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு முன் கேட்கும் பட்டியலில் உள்ள பொதுக் கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுவார்கள்.

திருமணமாகாத பெண்ணிடம் கருவுற்றிருக்கிறாயா என்று தாயார் முன்னிலையில் எப்படிக் கேட்பது? கேட்டால் அடி விழும் போலிருக்கிறது.
– மாணவி, சிதம்பரம்

தாயார் முன்னிலையில் கேட்கவே கூடாது. உடை மாற்றும் அறைக்குப் பெண்ணை மட்டும் அழைத்துச் செல்வது இயல்பாகவே கிடைக்கும் வாய்ப்பு. அங்கே, ‘வயித்துல எக்ஸ்ரே எடுக்கிற எல்லாப் பெண்கள்கிட்டயும் இதைக் கேட்போம்மா, உன்னை மட்டும் இல்லை’ என்று தொடங்கி, கடைசியாகப் பீரியட்ஸ் வந்த தேதி என்ன, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். தேதியைக் கேட்பதில் குற்றச்சாட்டின் சாயல் இல்லை. திருமணமாகிவிட்டதா என்ற கேள்வி மருத்துவத்துக்குத் தேவையற்றது. அது தரும் விடையும் நம்பத்தக்கதல்ல. எல்லோரிடமும் கேட்கிறோம் என்பது உண்மையாகவும் இருக்க வேண்டும்: குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன் என்பவரிடமும், நாற்பத்தைந்து வயதுக்காரரிடமும் கேளுங்கள்.

நாள் தள்ளிப்போயிருந்தால் முடிவெடுப்பது நீங்கள் அல்ல. கதிரியக்க மருத்துவரும் அனுப்பிய மருத்துவரும் பேசி, தள்ளிப்போடுவதா, வேறு பரிசோதனை செய்வதா, உடனே எடுத்தே ஆக வேண்டுமா என்று தீர்மானிப்பார்கள். தெரியாமல் எடுத்த பிறகு கருவுற்றது தெரியவந்து அழுதுகொண்டு வருகிறவர்களிடம் ‘அய்யய்யோ’ என்று சொல்லிவிடாதீர்கள். கரு ஏற்ற கதிரின் அளவு 100 மில்லி கிரேக்குக் (கிரே என்பது உடல் உட்கொண்ட கதிரை அளக்கும் அலகு) குறைவாக இருந்தால் கதிரைக் காரணம் காட்டிக் கருக்கலைப்புச் செய்வதற்கு நியாயமில்லை என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. சாதாரண எக்ஸ்ரே எதுவும் அந்த அளவை நெருங்குவதில்லை. கை, கால், மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது மிக மிகச் சொற்பம். அளவைக் கணக்கிட்டுச் சொல்ல ஆள் இருக்கிறார் என்று தேற்றி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அல்ட்ராசவுண்ட் அறையில் உதவிக்கு நிற்கும்போது, ஆணா பெண்ணா என்று மாமியார்கள் சாடையாகவாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்.
– மாணவி, லாஸ்பேட்டை

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லால் மட்டுமல்ல, சாடையால் தெரிவிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. சுவரில் உள்ள அறிவிப்புப் பலகையைக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். சிரித்து மழுப்பினால் அந்தச் சிரிப்புக்கும் பொருள் கண்டுபிடிப்பார்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி (ஸ்கேனில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து) போடுவதற்கு முன் ‘மீன், இறால் ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறவரிடம் இதைக் கேட்டால் சிரிக்கிறார். இது உண்மையிலேயே தேவைதானா?
– மாணவர், கடலூர் மஞ்சக்குப்பம்

அவர் சிரித்ததில் தவறில்லை. கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது, கடல் உணவிலும் இருக்கிறது என்பதால் எழுந்த பழைய நம்பிக்கை இது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம்; அயோடின் அல்ல. பிற ஒவ்வாமை உள்ளவர்களைவிட இறால் ஒவ்வாதவருக்கு மட்டும் தனி ஆபத்து எதுவும் கிடையாது. இந்தக் கேள்விக்குச் செலவிடும் நேரத்தை, ‘இதுக்கு முன்னாடி ஸ்கேனுக்கு ஊசி போட்டு உடம்பு தடிச்சதா, மூச்சு முட்டுச்சா?’ என்ற கேள்விக்குச் செலவிடுங்கள். முன்பு அப்படி நேர்ந்திருப்பதுதான் முதன்மையான எச்சரிக்கை. பிறகு ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பவற்றைக் கேட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். பலருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. கையோடு கொண்டுவந்திருக்கும் அட்டையை வாங்கிப் பாருங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தெரியும், சிறுநீர் போய்விட்டதைப் போலத் தோன்றும்; இவை ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், புடவையை நனைத்துவிட்டோம் என்ற கூச்சத்தில் அம்மையார் மேசையிலேயே அசைந்து எழப் பார்ப்பார். அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், ஊசி போட்ட இடத்தில் வலியோ வீக்கமோ வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள்; நம் மக்களுக்குப் பொறுத்துக்கொள்வது பழக்கம். கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் இருபது நிமிடத்துக்குள் தலைகாட்டுகின்றன என்பதால், வரிசை நீண்டிருந்தாலும் அரை மணி நேரம் கண்பார்வையில் உட்கார வைத்து, அதுவரை ஊசிக் குழாயை எடுக்காமல் வையுங்கள்.

வார்டிலிருந்து குழாய்களோடு வரும் நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர், குறிஞ்சிப்பாடி

சக்கரப் பூட்டைத் தொட்டுப் பார்த்தால் போதாது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்துச் சோதியுங்கள். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை உடலிலுள்ள சிறுநீர்ப்பைக்குக் கீழேயும், மார்புக் குழாயின் புட்டி மார்புக்குக் கீழேயும் இருக்க வேண்டும். தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிட்டு நகர்த்தும் பழக்கத்தை உதவியாளர்களிடம் பார்த்தால் தடுங்கள். விபத்தில் வந்தவரின் கழுத்துப் பட்டையை மருத்துவர் சொல்லாமல் கழற்றக் கூடாது. தூக்குவதற்கு முன் ‘மூணு எண்ணினதும் தூக்கப் போறோம், நீங்க கையை மார்பு மேல கட்டிக்கங்க’ என்று நோயாளியிடமும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவராகத் தோன்றினாலும் சொல்லுங்கள், பலருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் மாஹேயிலிருந்து வந்து புதுச்சேரியில் படிக்கிறேன். தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. நண்பர் எழுதிக்கொடுத்த கடிதம் இது. எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும்?
– முதலாண்டு மாணவி, புதுச்சேரி

பன்னிரண்டு வாக்கியங்கள் போதும், ஆனால் அவை பிசகாமல் வர வேண்டும். பேர் சொல்லுங்க, எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க, மூச்சை இழுங்க, தம் கட்டுங்க, மூச்சு விடலாம், அசையாதீங்க, திரும்பிப் படுங்க, வலிச்சா கையைத் தூக்குங்க, இன்னும் ஒரே ஒரு படம், முடிஞ்சது, மெதுவா எழுந்திருங்க. முதியவர்களை அம்மா, அய்யா என்று அழையுங்கள். வலது, இடது என்று சொல்வதோடு நிற்காமல், நீங்களும் தொட்டுக் காட்டுங்கள். ஒவ்வாமை, கருவுற்றிருப்பது, உடம்பில் உள்ள உலோகம் ஆகியவை பற்றிய கேள்விகளை மட்டும் அரைகுறைத் தமிழில் கேட்காமல், தமிழ் தெரிந்த ஊழியரை வைத்துக் கேளுங்கள். நோயாளியின் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விக்குப் பிள்ளை தானே பதில் சொல்லி முடித்துவிடும்.